பிரேக் அக்காவின் வலது கால்

"பிரேக்கை நான் பாத்துக்கறேன், நீ ரோட்டைப் பாரு!"

சொல்லும்போதே அக்காவின் வலது கால் மிதியின் மேல் ஏறிவிட்டது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரில் பழகுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவருக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால், எல்லோருக்கும் அவர் பிரேக் அக்காதான். காரில் மட்டுமா? வீட்டில் டிவி பார்க்கும்போது படத்தில் எவனாவது வண்டியை விரட்டினால், சோபாவில் இருந்தபடியே அக்காவின் கால் தரையை அழுத்தும்.

அவரிடம் பழகியவர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பெட்ரோல் பங்க், நூலகம், ரயில் நிலையம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை நிறுத்துவார்கள். மேட்டுச் சாலையில் மட்டும் திணறுவார்கள். விஷயம் வேறொன்றுமில்லை, மேட்டுச் சாலையில் கழிப்பறை கிடையாது. அக்காவின் வயிறு எப்போது முறுக்கும் என்று அக்காவுக்கே தெரியாது. "இங்க பார்க்கிங் போட்டுப் பழகு, இதோ வந்துடறேன்" என்று இறங்கினால் ஓட்டமும் நடையுமாகப் போவார். திரும்பி வரும்போது முகத்தில் கூச்சம் இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? "கோட்டைத் தாண்டி நிக்குது வண்டி. இதுக்கா இவ்வளவு நேரம் குடுத்தேன்?" என்று அவரே சண்டைக்கு வருவார்.

அத்தனை வாய்க்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. அவரோடு சேர்ந்து பள்ளியைத் தொடங்கிய தோழி குடல் புற்றுநோயில் போய்விட்டாள். அவளுக்கும் வயிற்று முறுக்கில்தான் ஆரம்பித்தது. அன்று பிடித்தது அக்காவுக்குப் பிடிவாதம்: கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும், கேமராவை விட்டுப் பெருங்குடல் முழுக்கப் பார்த்தே ஆக வேண்டும். குடல் மருத்துவர் அம்மா லேசில் மசிகிற ஆளில்லை. துருவித் துருவிக் கேட்டார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தத்தையும் மலத்தையும் சோதனைக்கு அனுப்பினார். பிறகு சொன்னார்:

"ரத்தம் போகலை. எடை குறையலை. தூக்கத்துல எழுப்பிவிடற வலி இல்லை. குடும்பத்துலயும் யாருக்கும் இல்லை, கேமரா விட்டுப் பாக்கற வயசும் இன்னும் வரலை. இது ஐ.பி.எஸ்., எரிச்சல் குடல்னு சொல்லுவோம். உங்க குடல் முன்கோபி, அவ்வளவுதான். கோபம் கேமராவுல தெரியாதும்மா. உள்ள போய்ப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

"கண்ணாடி பாக்காம வண்டிய எடுக்கலாமா டாக்டர்?"

"அதுக்காகத் தினம் இன்ஜினைக் கழட்டிப் பாப்பீங்களா? ரத்தம் வந்தா வாங்க, மறுபேச்சு பேசாம செய்யறேன்."

அக்காவுக்கே ஒருத்தர் பிரேக் போட்டது அன்றைக்குத்தான் என்று அவர் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாது மனிதர். கார் ஓட்டக் கற்றது மனைவியிடம். பாவம், பழகுகிற காலத்தில் ஒருமுறை வீட்டுக் கேட்டில் இடித்துவிட்டார். போதாதா? அதன் பிறகு, அக்கா ஏறிய வண்டியில் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "அவர் கண்ணாடி விக்கட்டும். அவர் வண்டிய எடுத்தா நம்ம கேட்டே பயந்து ஒதுங்கும்" என்பார் அக்கா, அவர் எதிரிலேயே.

ஒருநாள் பெட்ரோல் பங்க் கழிப்பறையில் அக்கா ரத்தத்தைப் பார்த்தார். திரும்பி வந்தபோது வண்டி கோணலாக நின்றது. கோட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க யாரிடமும் ரத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கேமரா, கேமரா என்று மருத்துவரைப் பிய்த்து எடுத்தவர், மருத்துவமனை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போனார். கண்டுபிடித்தவர் வீட்டுக்காரர்தான்.

"என்னாச்சு உனக்கு? ஒரு வாரமா என்னைத் திட்டவே இல்லையே?"

உடைந்துபோய்விட்டார் அக்கா. "ரத்தம் பாத்தேங்க. இத்தனை நாள் நான் கேட்டதே, வேணாம்னு சொல்லுவாங்கங்கற தைரியத்துலதான். இப்ப செய்யணும்னு சொல்லிடுவாங்களே!"

சொல்லத்தான் சொன்னார் மருத்துவர். "இப்ப பாத்தே ஆகணும்."

பரிசோதனைக்கு முந்தைய நாள், குடலைக் கழுவும் மருந்தைக் குடம் குடமாகக் குடிக்கவைத்தார்கள். "என் வயித்துக்கு இதெல்லாம் தேவையா? ஒரு சிவப்பு சிக்னல்ல மாட்டினாலே போதுமே, தானா காலியாயிடும்" என்று அக்கா நக்கலடித்தார். மறுநாள் மயக்க ஊசி போடும்வரை வலது கால் கட்டில் கம்பியை அழுத்திக்கொண்டே இருந்தது. "காலைத் தளர்த்துங்கம்மா" என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

கண் விழித்தபோது மருத்துவர் எதிரில் நின்றார். "குடல் சுத்தமா இருக்கு. கட்டி இல்லை, புண் இல்லை. சின்னதா மூலம் இருக்கு, ரத்தம் அதுலேர்ந்துதான். முன்கோபம் மட்டும் கூடவே வரும். சாப்பாட்டை மாத்தி, மாத்திரை குடுத்து அடக்கிப் பாப்போம்."

"அப்ப பெட்ரோல் பங்க்கை விட முடியாதா?"

"இப்போதைக்கு முடியாது."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். வீட்டுக்காரர் கைக்குட்டையை எடுப்பதற்குள் முந்தானை நனைந்துவிட்டது.

"மயக்க மருந்து போட்டிருக்கு. இன்னிக்கு நீங்க வண்டிய தொடக்கூடாது" என்றார் நர்ஸ். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தபடி சாவியைக் கையில் எடுத்தார்.

வீட்டில் இருப்பது அந்தப் பள்ளிக் கார் ஒன்றுதான். அக்கா தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தார். காலடியில் அவருடைய பிரேக். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பியது.

"கண்ணாடி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

நாற்சந்தி வந்தது. குறுக்கே ஒரு லாரி வருவதைப் பார்த்த வீட்டுக்காரர், பழகிய காலத்துப் பழக்கதோஷத்தில் அக்காவின் காலை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.