கங்கா ஜலத்தில் போட்ட சதைத் துண்டு

சேலம் பக்கம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஹிந்தியில் ஒரு சொல் தெரியாமல் டெல்லிக்கு ரயிலேறி, சிமென்ட் மூட்டை தூக்கி, டைல்ஸ் ஒட்டக் கற்று, இன்று சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட். தம்பியை வரவழைத்துத் தொழில் கொடுத்தேன், பெண் பார்த்துக் கட்டிவைத்தேன், அடுத்த தெருவிலேயே குடிவைத்தேன். எனக்கு யாரும் கைகொடுக்கவில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போன வருடக் குளிர்காலம். தம்பிக்குக் கன்னத்தின் உள்பக்கம், கைனிப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. நடுவில் புண். மாதக்கணக்கில் ஆறவில்லை. தேங்காய்ப்பால், மணத்தக்காளி என்று அவன் மனைவி என்னென்னவோ கொடுத்துப் பார்த்தாள். நான்தான் திட்டி, பக்கத்துப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். டார்ச் அடித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அங்கிள், ஒரு சின்ன பீஸ் கட் பண்ணி டெஸ்டுக்கு அனுப்பணும். பயாப்ஸி. அது இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது."

மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதை எடுத்துத் தையல் போட்டார். நெடியடிக்கும் ஏதோ தண்ணீர் இருந்த சின்ன பாட்டிலில் அதைப் போட்டு எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். லேபுக்கு நாம்தான் கொண்டுபோக வேண்டுமாம், அதுதான் அங்கே வழக்கமாம். அன்று ஞாயிறு, லேப் மூடியிருந்தது. பாட்டிலைத் தன் வீட்டில் வைத்திருந்து மறுநாள் தம்பி கொண்டுபோய்க் கொடுத்தான்.

சில நாள் கழித்து லேபிலிருந்து போன். சதை கெட்டுவிட்டது, ஒன்றும் பார்க்க முடியவில்லை, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். எப்படிக் கெடும்? தம்பி வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவன் மனைவி பூஜை அலமாரியைக் காட்டி அமைதியாகச் சொன்னாள்:

"அந்தத் தண்ணி கண்ணெல்லாம் எரிஞ்சுது மாமா. இவரு ஒடம்புச் சதையாச்சே, அந்த விஷத்துல எப்படிப் போட்டு வைக்கிறது? கீழ கொட்டிட்டு கங்கா ஜலம் ஊத்தி வெச்சேன்."

ஹரித்வாரிலிருந்து கொண்டுவந்ததாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோபம் அவள் மேல் பாதி. பார்சல் போலக் கையில் கொடுத்தாரே தவிர, "அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லாத டாக்டர் மேல் மீதி. நேரே போய் அவரையும் கேட்டுவிட்டேன். "சாரி அங்கிள், பீஸ் கெடாம வெக்கிறதே அந்தத் தண்ணிதான், சொல்லியிருக்கணும்" என்றார்.

தம்பியோ மறுபடி வர மறுத்தான். வேலை நடக்கும் இடத்துக்கே போனேன்.

"ஒரு தடவ கத்தி பட்டாச்சுண்ணே. இன்னொரு தடவ பட்டா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் வரல."

"தட்டிப் பாத்தா பொள்ளலா சத்தம் கேக்குற டைல்ஸ என்னடா பண்ணுவ? பேத்து அடியில பாப்பியா, மேல பாய விரிச்சுட்டுப் போவியா?"

"என் வாய் என்ன பாத்ரூம் தரையா?"

"பாத்ரூம் தரைய தினமும் கழுவுறாங்கடா, பைத்தியக்காரா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவனும்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். இரண்டாவது பாட்டிலை யாரையும் தொட விடவில்லை. சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு மெட்ரோவில் நானே கொண்டுபோனேன்.

புற்றுநோய். ஆரம்ப நிலை. பெரிய ஆஸ்பத்திரியில் கன்னத்தில் வெட்டி எடுத்தார்கள். இன்று வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது. ஆனால் சோறு தின்கிறான், என்னோடு சண்டை போடுகிறான்.

இந்தப் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் அவன் மனைவி சொல்கிறாள்: "கங்கா ஜலம் பட்டதாலதான் சின்னதோட போச்சு." தம்பியும் தலையாட்டுகிறான்! கங்கையைக் கும்பிடட்டும், டாக்டரைக் கும்பிடட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஆறாத புண்ணைக் கண்டால், வெட்டி எடுத்துப் பார் என்று நின்று கத்துவதற்கு வீட்டுக்கு ஒருவன் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். இனி அந்தக் கதையைச் சொல்லும்போது, கோணிப்போன அந்த வாய் என் பெயரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.