விருந்தினர், வருந்தினர்

நானும் என் தோழியும் சேர்ந்து ஓர் எழுத்துச் செயலியை உருவாக்கத் தொடங்கியபோது எங்களிடம் இருந்த பெரிய குறை மரியாதைதான். ஒரே பக்கத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். ஒருவர் எழுதுவது மற்றவர் திரையில் உடனே தெரியும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தட்டும், திருத்தட்டும் என்று நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்தே வைத்திருந்தோம். அவள் இலுப்பூரில், நான் ஆலங்குடியில். தினமும் சோதித்துப் பார்ப்போம். ஆனால் அவள் எழுதும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். நான் எழுதும்போது அவள். மூன்று மாதமாக ஒரு பிழையும் வரவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழை இங்கிருந்து அப்பாவும் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பாவும் சேர்ந்து எழுத வேண்டும். போனில் வாசித்துக்காட்டியே இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. நான் பெருந்தன்மையோடு எங்கள் செயலியைத் திறந்து கொடுத்தேன்.

அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கிறவர்கள் இல்லை. உச்சியில் குலதெய்வம் அய்யனார் மட்டும் போதும் என்றார் அப்பா. பிள்ளையாரும் வேண்டும் என்று சித்தப்பா மேலே சேர்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அப்பா கீழே ஒரு காற்புள்ளியை அழித்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்த அம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

“வருகை தரும் வருந்தினர் அனைவரையும் வரவேற்கிறோம்.”

“ஏத்தா, இங்கிட்டு வா!” என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். “விருந்தினர்னுதானே அடிச்சேன்? எப்படி வருந்தினர் ஆச்சு?”

போனில் சித்தப்பா, “நான் அதைத் தொடவே இல்லண்ணே. நீங்கதான் எதையோ அமுக்கிட்டீங்க” என்றார்.

“நான் புள்ளியத்தான்டா அழிச்சேன்!”

அண்ணனும் தம்பியும் போனை வைத்த பிறகு தோழியிடம் சொன்னேன். அவளுக்குத் துள்ளாத குறை. “நெசமாவே பிழை வந்துருச்சா? நாளைக்கே வாரேன்” என்றாள். சொன்னபடி மறுநாள் காலையில், புதுக்கோட்டையில் பஸ் மாறி வந்து இறங்கினாள்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அது எங்கள் கண்முன்னே மறுபடியும் நடக்க வேண்டும். அப்பாவை மடிக்கணினி முன்னால் உட்காரவைத்து, சித்தப்பாவைப் போனில் பிடித்தோம். ஆனால் அதற்குள் இருவரும் சமாதானமாகியிருந்தார்கள்.

“நீயே மொதல்ல அடிப்பா,” என்றார் அப்பா.

“இல்லண்ணே, நீங்க பெரியவங்க. அடிங்க.”

பத்து நிமிடம் ஆகியும் திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. “அப்பா, நேத்து மாதிரி கொஞ்சம் சண்டை போடுங்களேன்,” என்று தோழி கெஞ்சினாள். அப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “காப்பி குடிக்கிறியாம்மா?” என்று கேட்டார்.

அவள் அசரவில்லை. என்னிடமிருந்து இன்னொரு கணினியை வாங்கி, பக்கத்தின் நடுவில் கல்யாணத்தன்று மதியச் சாப்பாட்டுக்கான பட்டியல் ஒன்றை எழுதினாள். சோறு, சாம்பார், பால் பாயசம், அப்பளம். கடைசியில், ‘ஐஸ்கிரீம்?’ என்று ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

“பாயசம் இருக்கையில அது எதுக்கு?” என்று அப்பா கடைசி வார்த்தையை அழிக்க ஆரம்பித்தார். அதே நொடியில் சித்தப்பா பக்கத்தின் உச்சியில் அடித்தார்: ‘ஐஸ்கிரீம் இல்லாம ஒரு பந்தியா?’

பட்டியல் எங்கள் கண்முன்னே கலைந்தது. ஐஸ்கிரீம் பாதி தப்பித்தது. பால் பாயசம், பல் பாயசமாகிவிட்டது.

“வந்துருச்சு! வந்துருச்சு!” என்று தோழி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். நானும் கைதட்டினேன். அப்பா பல் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் விளங்கிவிட்டது. அப்பா ஐம்பதாவது எழுத்தை அழிக்கச் சொன்னால், எங்கள் நிரல் எண்ணை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும். அதற்குள் சித்தப்பா மேலே ஒரு வரி சேர்த்தால் எல்லாம் கீழே தள்ளிப்போய், ஐம்பதாவது இடத்தில் வேறு எழுத்து வந்து நிற்கும். பாவம், அது மாட்டிக்கொள்ளும். அதிலும் முழு எழுத்து போகாமல், காலோ சுழியோ மட்டும் கழன்றுவிடும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவும் வந்தார். “இந்த வேலைக்கு யாரும்மா சம்பளம் தர்றா?” என்று தோழியிடம் கேட்டார்.

“யாரும் தரலப்பா.”

“அப்ப தப்புன்னு தெரிஞ்சதுக்கா இம்புட்டு சந்தோசம்?”

அவள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

எண்ணை விட்டுவிட்டு ஒவ்வோர் எழுத்துக்கும் மாறாத அடையாளம் ஒன்றைக் கொடுத்து, நிரலைத் திருத்தி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. அப்பாவால் அதுவரை பொறுக்க முடியவில்லை. அழைப்பிதழைத் தாளில் கையால் எழுதி அச்சகத்தில் கொடுத்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கித்தான் போயிற்று.

ஆனால் சமையல்காரருக்கான பட்டியலை எங்கள் செயலியில்தான் எழுதினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரு மணி நேரம் காத்திராமல் அழித்தார்கள், சேர்த்தார்கள், ஒருவர் எழுத்தின்மேல் ஒருவர் அடித்தார்கள். தோழி இலுப்பூரிலும் நான் ஆலங்குடியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். ஒரு காலும் கழலவில்லை. அன்று மாலையே அதை முதல் பதிப்பு என்று வெளியிட்டோம்.