காவலுக்கு வந்த மச்சான்

உள்ளே நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடியை விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டி, "ஆடுது. எவனோ அவசரத்துல மாட்டிட்டுப் போயிருக்கான்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் அவர் உட்காருவார். கண்ணாடி பொருத்துவது தொழில். குடும்பத்தில் அவருக்குப் பெயரே கண்ணாடி மச்சான். தங்கையின் ஆறு வயது மகளுக்குக் கண்ணாடி மாமா. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காது. டீ கிளாஸைப் பிடித்தால் அது தனியே விறைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த விரலை ஒடித்தவர் எதிரே தரையில் உட்கார்ந்து மகளோடு பொம்மை வீடு கட்டுகிறார். தங்கையின் கணவர், பஸ் டிரைவர்.

கணவனும் மனைவியும் பிரிந்த புதிது. மகளைக் கூட்டிப்போக, சொன்ன நாளுக்கு முன்பே டிரைவர் வந்து நின்றார். "நாளைக்கு வாங்க மாப்ள" என்று மாடிப்படியில் மறித்தார் மச்சான். பிடித்துத் தள்ளிவிட்டார் டிரைவர். மச்சானின் கை படியின் கைப்பிடிக் கம்பியில் சிக்கி, சுண்டுவிரல் ஒடிந்தது. மேல்படியில் நின்று பாப்பா எல்லாவற்றையும் பார்த்தாள்.

போலீஸ் தாக்குதல் வழக்குப் போட்டது. கையோடு கையாக, மகளைப் பார்ப்பதையும் குடும்ப நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. "என் பொண்ணு மேல நான் சுண்டுவிரல் கூடப் பட விட்டதில்லையே" என்று புலம்பினார் டிரைவர்.

"யாரை அடிச்சீங்கன்னு கேட்டதோட குடும்பக் கோர்ட்ல விட மாட்டாங்க" என்றார் வக்கீல். "குழந்தை பாத்துச்சா, பயந்துச்சா, இனிமேலும் நடக்குமான்னு கேப்பாங்க."

சும்மாதான் தள்ளினேன் என்று சாதித்துவிடலாம் என்றிருந்த மனிதர் அதைக் கேட்டு உடைந்துபோனார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைக்கு அனுப்பவில்லை; கோபத்தை அடக்கப் பழகும் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். ஒன்று விடாமல் போனார்.

அப்படியும் மகளைத் தனியே அனுப்ப மனைவிக்கு மனம் வரவில்லை. கூடவே ஒரு ஆள் வேண்டும் என்றாள். யார் இருப்பது என்று நீதிபதி கேட்டபோது பின்வரிசையில் மச்சான் எழுந்தார். "நான் உக்காந்துக்கறேங்க."

"அடி வாங்கினவர் நீங்கதானே?"

"அதனாலதாங்க சொல்றேன். அவருக்குக் கோபம் எந்தப் படியில ஏறும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

கோர்ட்டே சிரித்தது. டிரைவர் மட்டும் தலை நிமிரவில்லை.

அன்று முதல் சனிக்கிழமைதோறும் டிரைவர் வீட்டின் இந்த அறையில் சந்திப்பு. மச்சான் நேரே பார்க்க மாட்டார். பொம்மை அலமாரியின் கண்ணாடிக் கதவில் தெரியும் அப்பாவையும் மகளையும்தான் பார்ப்பார். "முறைச்சுப் பாத்தா அவருக்கு விளையாட்டு வராது" என்பார். இந்த மனிதர் மட்டும் எழுந்திருக்காவிட்டால் மகள் முகம் தெரியாத அப்பனாகியிருப்பேன் என்று பஸ் ஓட்டும்போதெல்லாம் டிரைவர் நினைத்துக்கொள்வார்.

ஒருமுறை, "எனக்கு அம்மா வீடுதான் பிடிக்கும்" என்று பாப்பா சொல்ல, டிரைவரின் குரல் உயர்ந்தது. "மாப்ள, வெளிய போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார் மச்சான். போனார், வந்தார். அதையும் தங்கையிடம் மச்சான் மறைக்கவில்லை. "சத்தம் கொஞ்சம் ஏறிச்சு. தண்ணி குடிக்க அனுப்பினேன். திரும்பி வந்து பாப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டார்."

போட்டுக் கொடுத்துவிட்டாரே என்று டிரைவருக்குச் சுருக்கென்றது. ஆனால் கெட்டதை மறைக்காத அண்ணன் நல்லதைச் சொன்னபோது தங்கை நம்பினாள். அடுத்த விசாரணையில் அவளே சொன்னாள்: "இனிமே அப்பாவும் பொண்ணும் தனியாவே இருக்கட்டும்."

அதற்குப் பின் இதுதான் முதல் சனிக்கிழமை. பாப்பாவைக் கொண்டுவிட வந்த மச்சான், பழக்கத்தில் உட்கார்ந்தும்விட்டார். டிரைவர் அவர் பக்கம் திரும்பினார். "மச்சான், உங்களுக்கு நான் எப்படி..."

"அதெல்லாம் அப்புறம். பாப்பா ஜூஸைச் சிந்துறா பாருங்க."

டிரைவர் திரும்பி டம்ளரைப் பிடித்தார். மச்சான் எழுந்து வெளியே போய், கதவை மெதுவாகச் சாத்தினார்.