பிரின்ஸ்டன் ஜங்ஷனில் தம்பியைப் பற்றி

பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கால் வீங்கியிருக்கிறது. பக்கத்து ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் பேசிவிட்டு வருகிறேன். இரண்டு வாரத்தில் இது ஒன்பதாவது கூட்டம். முள்ளிவாய்க்காலிலிருந்து நான் எப்படித் தப்பினேன், பதுங்கு குழிக்குள் பன்னிரண்டு வயதுத் தம்பி எப்படிச் செத்தான் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறேன். சொல்லாவிட்டால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பார்கள். புத்தகம் எழுதத் தொடங்கியதும் அதற்காகத்தான்.

காரில் கொண்டுவந்து விட்ட கவிதா மதுரைக்காரி, மருந்துக் கம்பெனியில் வேலை. திரும்பிப் போகாமல் பக்கத்தில் உட்கார்கிறாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? புக்ல தம்பியப் பத்தி ஒரு சாப்டரே இருக்கு. இன்னைக்கு ஏன் ஸ்கிப் பண்ணிட்டீங்க?"

"போன கிழமை சொல்லேக்க எனக்கு அழுகை வரேல்ல, தங்கச்சி. பாடமாக்கினது மாதிரி வாய் தன்பாட்டில சொல்லுது. பயந்து போனன்."

இனி ஆறுதல் சொல்வாள் என்று காத்திருக்கிறேன். எல்லா ஊரிலும் சொல்வார்கள்.

"தம்பி எப்படி? ரொம்ப சேட்டை பண்ணுவானா?"

இதுவரை எல்லோரும் அவன் செத்ததைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"பொல்லாத குழப்படி. என்ர சைக்கிள் காத்தைத் திறந்துவிட்டிட்டு, தானே பம்ப் கொண்டுவந்து அடிச்சுத் தருவான். அதுக்கு டொபியும் கேப்பான்."

கவிதா சிரிக்கிறாள். ரயில் வந்து நிற்கிறது.

"அக்கா, உங்க ட்ரெயின்."

"அடுத்ததில போறன். இன்னொருக்கா அவன் என்ன செய்தவன் தெரியுமோ..."

கதவுகள் மூடிக்கொள்கின்றன. நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.