அம்மா கையெழுத்துப் போடாத ரோடு

தார் காயும் வாசனை முதலில் மூக்கில் ஏறி, பிறகு தொண்டையில் இறங்கி, கடைசியில் குடிக்கும் கேப்பைக் கூழிலும் கசப்பாய்க் கலந்துவிடும் என்பதை, எங்கள் ஊருக்கு ரோடு போட்ட மாசி மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டதும் பையை வீட்டில் வீசிவிட்டு, ஒலக்கூர் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் வழியில் போய் நின்றுகொள்வோம். ரோலர் இன்றைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர அந்த மாதம் எங்களுக்கு வேறு விளையாட்டே இல்லை. மற்றப் பிள்ளைகளைவிட எனக்குப் பெருமை கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் ஊராட்சித் தலைவர் என் அம்மா.

அம்மாவின் பெயர் அஞ்சலை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கவும் நாற்று நடவும் போய்க்கொண்டிருந்தவர். தலைவர் பதவி எங்கள் காலனிப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, அவரை நிற்க வைத்து ஜெயிக்க வைத்தவர் ஊர்த்தெருவைச் சேர்ந்த துணைத்தலைவர். அவருடைய நிலத்தில்தான் அப்பா வேலை செய்தார். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்குமேல் ஓர் எழுத்தும் தெரியாது. அதையே பெரிய தகுதியாகத் துணைத்தலைவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ரோடு மெயின் ரோட்டில் தொடங்கி, ஊர்த்தெருவைத் தாண்டி, காலனியின் கடைசி வீடுவரை வர வேண்டும். ஆனால் துணைத்தலைவரின் களத்துமேட்டோடு தார் நின்றுவிட்டது. அதற்கு இந்தப் பக்கம் கருங்கல் ஜல்லியைப் பரப்பிவிட்டு, ஒரு காலையில் ரோலரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் சாயங்காலம் துணைத்தலைவரும் கான்ட்ராக்டரும் ஒரு காகிதத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

அம்மா காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "இன்னா போட்டுருக்குதுன்னு படிடி தேவி."

காலனி முடிய தார்ச்சாலை அமைக்கும் பணி முழுமையாக முடிவுற்றது என்று, பள்ளியில் பாடம் படிப்பதுபோலச் சத்தமாகப் படித்தேன். கான்ட்ராக்டர் சிரித்தார். துணைத்தலைவர் சிரிக்கவில்லை.

"எல்லா ஊர்லயும் இப்டித்தான் அஞ்சல. மீதிய அடுத்த ஃபண்டுல பாத்துக்கலாம். ஜல்தியா கையெழுத்தப் போடு."

"ரோடு எங்க ஊட்டாண்ட வரட்டுங்க. வந்த அன்னிக்கே போட்டுடறேன்" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கான்ட்ராக்டரிடமே திருப்பி நீட்டினார்.

அவர்கள் போனதும் அப்பா, "நமக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? போட்டுத் தொலையேன்" என்று கத்தினார். அவர் பயந்தது சரிதான். மறுநாள் நிலத்துக்குப் போனவரை வரவேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அப்பா திண்டிவனத்துக்கு மூட்டை தூக்கப் போனார்.

எப்படியும் நியாயம் ஜெயிக்கும் என்று நான் காத்திருந்தேன். அம்மா சொல்லச் சொல்ல மனுக்களை எழுதியது நான்தான். அதிகாரிகள் வந்தார்கள், நாடா பிடித்து அளந்தார்கள், போனார்கள். கான்ட்ராக்டர் அந்தப் பக்கமே வரவில்லை. ஜல்லி மட்டும் அப்படியே கிடந்தது. பழைய மண்பாதையே தேவலாம் என்னும்படி, செருப்பில்லாத கால்களையெல்லாம் அது குத்திக் கிழித்தது. ஐப்பசி மழையில் கற்கள் பெயர்ந்து குழிகளாகிவிட, பிரசவ வலியெடுத்த பக்கத்து வீட்டு ராணி அக்காவை ஆட்டோ ஏற்ற மறுத்ததால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் களத்துமேடு வரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அன்று மாலையே ராணி அக்காவின் மாமியார் எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்.

அவர் மட்டுமா? காலனியே வந்து கத்தியது. அம்மா கூடுதல் கமிஷன் கேட்டாராம், கான்ட்ராக்டர் கொடுக்கவில்லையாம், அதனால்தான் கையெழுத்துப் போடவில்லையாம். டீக்கடையில் பிறந்த இந்தக் கதையைச் சொந்தக்காரர்களும் நம்பினார்கள். "யாருதான் துன்னல, இவ மட்டும் இன்னா ஒசத்தி?" என்பார்கள். "துன்றவன்கூட பாதி ரோடு போட்டான், இவ அதையும் நிறுத்திட்டா" என்பார்கள். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "ஒங்கம்மா ரோட்டத் துன்னுட்டாங்களாமே" என்று கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

இதற்கு அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை, அம்மா நடவுக்குப் போயிருந்த நேரம், எங்கள் வீட்டில் இருந்த ஒரே இரும்புப் பெட்டியைத் திறந்து, புடவைகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, அடியில் விரித்திருந்த செய்தித்தாளையும் உருவிப் பணத்தைத் தேடினேன். அத்தனை பேர் சொல்லும்போது கொஞ்சமாவது இருக்கும் என்று நினைத்தேன். சேற்றுக் காலோடு அம்மா வாசற்படியில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"கெடச்சுதாடி?" என்றார்.

அடிப்பார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு புடவையாக மடித்து உள்ளே வைத்தார். பெட்டியை மூடிய பிறகுதான் பேசினார். "ஊர்க்காரங்க சொல்லிக்கினு போவட்டும். அவங்களுக்கு இன்னா தெரியும்? அந்தக் காகிதத்தப் படிச்சவ நீதானடி."

அடுத்த தேர்தலில் அம்மா தோற்றார். எங்கள் காலனியிலேயே அவருக்கு அதிகம் ஓட்டு விழவில்லை. துணைத்தலைவர் நிறுத்திய இன்னொரு பெண் தலைவரானார், நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அந்த வருடமே காலனிக்கு ரோடு வந்தது. விரல் நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும் கனத்தில் இருந்தது, இரண்டு மழைக்குள் காணாமலும் போனது. ஆனாலும் "இவளாவது போட்டாளே" என்று ஊர் மெச்சிக்கொண்டது. அந்த ரோட்டில் அம்மா மற்றவர்களோடு சேர்ந்து வேலைக்கு நடந்து போவதைப் பார்த்து எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. கேட்டதற்கு, "ரோடு நடக்கத்தானடி" என்றார்.

இன்று நான் விழுப்புரத்தில் குடியிருக்கிறேன், ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை. எங்கள் தெருவில் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளம் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. வீட்டுக்கு வீடு பலகை போட்டுக் கடந்து போகிறோம். எவ்வளவு பணம் போயிருக்கும், யார் யாருக்குப் போயிருக்கும் என்றுகூட யாரும் பேசிக்கொள்வதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இதில் பேச என்ன இருக்கிறது? அன்றைக்கு எங்கள் வாசலில் வந்து கத்தியவர்கள் ஆளைத் தவறாகப் பிடித்தார்கள், உண்மைதான். ஆனால் கத்தினால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று நம்பினார்கள். அந்தக் கூச்சல் எப்போது அடங்கியது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

போன மாதம் அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். இப்போது முழங்கால் வலி. என் தோளைப் பிடித்தபடி, பலகைமேல் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். நடுவில் நின்று பள்ளத்தைக் குனிந்து பார்த்தார்.

"யாரும் போய்க் கேக்கலியா?"

"எல்லாம் அப்டித்தாம்மா. பாத்து வா" என்றேன்.

அம்மா என் தோளில் இருந்த கையை எடுத்துவிட்டு, மீதிப் பலகையைத் தானே கடந்தார்.