கூம்பில் கேட்டு முடிவு செய்த குரல்

என் மனைவியின் தொண்டையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, பிறகு குரல் வருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. எங்கள் காலனி ஜெபக்கூடத்தில் இருபது வருடமாக முன்பாட்டு பாடுகிறவள். நடவுக்குப் போகுமுன் காலையில் உட்கார்ந்து மூன்று வாரம் பாடினாள். ஐம்பத்தொரு கீர்த்தனை.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில் பதிந்தேன். அதில் லினக்ஸ்தான் ஓடும். பதிவுகள் பெரிய கோப்புகளாக இடத்தை அடைத்துக்கொண்டன. சுருக்கித் தரும் மென்பொருளைத் தேடினேன். ஒன்றில் கட்டளைகளை டைப் அடிக்க வேண்டும், பயந்து விட்டுவிட்டேன். பட்டனை அழுத்தினால் எம்பி3 ஆக்கும் இன்னொன்று கிடைத்தது. தரத்தை எவ்வளவு வைப்பது என்று கேட்க உத்திரமேரூர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். உள்ளே நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் கேட்கக் கூசி, ஒரு பென்டிரைவ் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மைக் செட் வைத்திருக்கும் என் மச்சானிடம் போனேன். ஒரே பாட்டை மூன்று தரத்தில் மாற்றி, ஜெபக்கூடத்துக் கூம்பு ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம்.

“மூணும் ஒண்ணாத்தான் கீது மாமா.”

“எனக்கும் அப்டித்தான் கேக்குது.”

“அப்பறம் இன்னா? சின்னதையே வெச்சிக்க. எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இவ்ளோ ரோசன பண்ல.”

இருப்பதிலேயே குறைந்த தரத்தை வைத்தேன். மாற்றியதும் மூலக் கோப்பை அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்டது. புரியாமல் இல்லை. இடம் வேண்டும் என்று நானே டிக் அடித்தேன்.

அறுவைக்குப் பின் அவள் வாய் திறந்தால் குரலில்லை, கிசுகிசுப்பாகக் காற்றுதான் வருகிறது. ஒருநாள் மகளின் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். ஒரு பாட்டுகூட முடியவில்லை, கழற்றிவிட்டாள்.

“யாரு இது? தகரத்துக்குள்ள பாடிக்கினு கீறாங்க.”

நானும் மாட்டிக் கேட்டேன். மூச்சு இழுப்பது இல்லை. மெல்லிய குழைவுகள் இல்லை. கூம்பு எதையெல்லாம் ஒலிக்காதோ, அதையெல்லாம் கேட்டுப் பார்க்காமலே வெட்டி எறிந்திருக்கிறேன். ஹெட்போனைச் சுருட்டி மகளிடம் கொடுத்தேன்.

ஞாயிறுதோறும் அந்தப் பாட்டுகள்தான் கூம்பில் ஒலிக்கின்றன. “அக்கா கொரலு அப்டியே கீது பாரு,” என்கிறான் மச்சான். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பாட்டு தொடங்கியதும் அவள் எழுந்து அடிபம்பு பக்கம் போய்விடுகிறாள். பட்டனை அழுத்துவது இப்போதும் நான்தான்.