ஞாயிற்றுக்கிழமை விமானம்

இப்போதெல்லாம் தாம்பரத்தில் ரயில் ஏறியதும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லும் ஒலிக்கதைகளைக் கேட்கிறேன். நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு அது மட்டும் பிடிப்பதில்லை.

நாங்கள் சேலையூரில் இருந்தோம். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் திரும்பும். அந்தச் சத்தத்தோடு யார் மல்லுக்கட்டுவது? தெருவே பேச்சை நிறுத்திவிடும். அம்மாவும் கீரைக்காரம்மாவும் பேரத்தின் நடுவே அப்படியே நிற்பார்கள். விமானம் போனதும், விட்ட சொல்லிலிருந்தே சண்டை தொடரும்.

அப்பா துபாயில் ஏசி மெக்கானிக். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா தினமும் வாட்ஸப்பில் அவருக்குக் குரல் அனுப்புவாள். துணி காயப்போட்டபடியே பேசுவதால், பொத்தானை அழுத்திப் பிடிப்பது என் வேலை. அந்தப் பதவி கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் ரேடியோவில் செய்தி வாசிப்பவளைப் போல விறைப்பாகப் பேசியவள், போகப்போக எல்லாவற்றையும் சொன்னாள்: ஒழுகும் சமையலறை மூலை, மோட்டார் ரிப்பேர், எனக்கு விழுந்த பல். நடுவில் விமானம் வந்தால் நிறுத்துவாள். நான் விரலை எடுக்கமாட்டேன். அந்த இரைச்சலைக் கேட்டால் நம் மாடியில் படுத்திருப்பதுபோல் தூக்கம் வருகிறது என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்தக் கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. ஊர் திரும்புவதா, இன்னும் இரண்டு வருடம் இருப்பதா என்று அம்மாவைக் கேட்டிருந்தார். மாடியில் அறை கட்ட வேண்டும் என்றுதான் அவர் போனதே. அதற்காகத் தூண்களின் மேல் நீட்டி விட்ட கம்பிகள் துருப்பிடித்து நின்றன. அவற்றில்தான் எங்கள் துணிக்கொடி. எனக்கு அப்பா வேண்டும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா பதில் சொன்னாள். வெயில் மஞ்சளாகி, ஈரப் புடவைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"இங்க ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீங்க ரெண்டு வருஷம் இருந்துட்டே..."

அங்கே நிறுத்தினாள். நான் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தேன். வானம் காலியாக இருந்தது. அம்மா ஒரு புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் விரலை எடுக்கவில்லை.

"...வாங்க" என்றாள், நெடுநேரம் கழித்து.

"பிளேன் எங்கம்மா?" என்றேன், பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே.

"தூரமா போச்சு. உனக்குக் கேக்கல."

என் காதுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். இரவு படுக்கையில் இரண்டு காதையும் மாறி மாறி மூடிப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் நன்றாகத்தான் கேட்டது.

மறுநாள் காலை அப்பாவின் குரல் வந்தது.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமைல ஏது பிளேன்?"

அதன்பின் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, "நான் வந்துடறேன்" என்றார்.

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்பா இருக்கிற ஊர்லயும் பிளேன் இவ்ளோ பக்கத்துல போகுமாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

போனை வாங்கிக் காதோடு அழுத்திவைத்துக் கேட்டேன். அந்த விமானத்தின் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.